ஆயுளும் அன்றாடத் தட்டும்: எது எதன் இடத்தைப் பிடிக்கிறது?

நீண்ட நாள் வாழ என்ன சாப்பிட வேண்டும் என்று கேட்பவர்களில் பலர் ஏதாவது ஒரு பொருளின் பெயரைத்தான் எதிர்பார்க்கிறார்கள். ஒரு விதை, ஒரு கீரை, ஒரு எண்ணெய். ஆய்வுகள் தரும் பதில் அவ்வளவு சுவாரசியமானது அல்ல. 195 நாடுகளின் தரவுகளை வைத்து 2019இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான கணக்கீடு, 2017ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1 கோடியே 10 லட்சம் மரணங்களைத் தவறான உணவுமுறையோடு தொடர்புபடுத்தியது. அவற்றில் பாதிக்கு மேல் மூன்றே காரணங்களுக்குள் அடங்கிவிட்டன: உப்பு மிகுதி, முழுத்தானியக் குறைவு, பழக் குறைவு. உப்பை ஒதுக்கிவைத்துப் பார்த்தால் மற்ற இரண்டும் சாப்பிட்டதால் வந்த கேடு அல்ல, சாப்பிடாமல் விட்டதால் வந்த கேடு.

வயிறு ஒரு நாளில் ஏற்கும் உணவுக்கு ஓர் எல்லை இருக்கிறது. தீட்டிய மாவில் செய்த பண்டம் தட்டில் ஏறினால் பருப்போ காய்கறியோ அந்த அளவுக்கு இறங்கிவிடும். அதனால் 'இது உடம்புக்கு நல்லதா?' என்பது பாதிக் கேள்விதான். 'எதற்குப் பதிலாக?' என்பது மீதிப் பாதி. வெள்ளை ரொட்டிக்குப் பதிலாக முட்டை சாப்பிடுவதும், வெந்த பயறுக்குப் பதிலாக முட்டை சாப்பிடுவதும் உடலுக்கு ஒன்றல்ல. உணவைப் பற்றிய சண்டைகளில் பெரும்பாலானவை இந்த மீதிப் பாதியைக் கேட்காததால் வருபவை.

எவ்வளவு கூடும்?

நார்வே ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஒரு மாதிரிக் கணக்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. வழக்கமான மேற்கத்திய உணவிலிருந்து, பருப்பு, முழுத்தானியம், கொட்டைகள் மிகுந்தும் சிவப்பு இறைச்சி, பதப்படுத்திய இறைச்சி குறைந்தும் உள்ள உணவுக்கு 20 வயதில் மாறினால் பெண்களுக்கு 10.7 ஆண்டுகளும் ஆண்களுக்கு 13 ஆண்டுகளும் கூடும் என்றது அது. 60 வயதில் மாறினாலும் சுமார் 8 ஆண்டுகள், 80 வயதில் மாறினால் 3.4 ஆண்டுகள்.

இந்த எண்களை அப்படியே நம்பி நாட்காட்டியில் குறித்துவைக்கக் கூடாது. உணவுக்கும் மரணத்துக்கும் காணப்படும் தொடர்பு முழுவதையும் காரண-விளைவு என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. முழுத்தானியம் சாப்பிடுபவர்கள் பொதுவாகப் புகைபிடிப்பதும் குறைவு, நடப்பதும் அதிகம். அந்தப் பலனையெல்லாம் தானியத்தின் பெயரில் எழுதிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. ஆனாலும் கணக்கிலிருந்து இரண்டு விஷயங்களைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, எவை முன்வரிசையில் நிற்கின்றன என்பது: பருப்பு வகைகள், முழுத்தானியங்கள், கொட்டைகள். மற்றொன்று, வயதான பிறகு மாறினாலும் பலன் கணிசமாக மிஞ்சுகிறது என்பது. அறுபதைத் தாண்டியவர் 'இனி என்ன மாற்றி என்ன' என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை.

நூறு வயதைத் தாண்டுவோர் நிறைந்த ஊர்கள் என்று புகழப்படும் இடங்களைப் பற்றி இங்கே பேசாததற்குக் காரணம் இருக்கிறது. அத்தகைய இடங்கள் சிலவற்றின் பிறப்புப் பதிவுகளே நம்பகமானவையா என்ற கேள்வி வலுவாக எழுந்துள்ளது. அந்தக் கேள்வியை எழுப்பிய ஆய்வாளர் சால் நியூமனுக்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக்நோபல் பரிசே 2024இல் கிடைத்தது. ஊர்க் கதைகளைவிடச் சமையலறைத் தராசு நம்பத்தக்கது.

உப்பு: மிக உறுதியான ஆதாரம் இங்கேதான்

உணவு ஆய்வுகளில் பெரும்பாலானவை மனிதர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, அவர்கள் சொன்னதை நம்பி எழுதப்பட்டவை. உப்பு விஷயத்திலோ மக்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்துச் சோதித்த பெரிய ஆய்வுகளும் இருக்கின்றன. அதனால்தான் அதற்கு இங்கே அதிக இடம்.

உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. மட்டமாக நிரப்பிய ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. உலகச் சராசரியோ கிட்டத்தட்ட 11 கிராம். பொட்டலங்களில் 'உப்பு' என்று எழுதாமல் 'சோடியம்' என்று எழுதியிருந்தால் 2.5ஆல் பெருக்க வேண்டும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு, அதாவது நாள் வரம்பில் ஐந்தில் இரண்டு பங்கு. இந்தப் பெருக்கலைச் செய்யாமல் '800 மில்லிகிராம்தானே' என்று கடந்துபோவதுதான் பரவலான தவறு.

சோடியம் கூடினால் உடல் அதற்கேற்ப நீரைத் தேக்கிவைக்கும், இரத்தத்தின் கன அளவு ஏறும், இரத்த நாளச் சுவர்கள் நாளடைவில் விறைக்கும். விறைத்த குழாய்க்குள் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் விசையோடு தள்ள வேண்டியிருக்கிறது. இதற்கு வலியோ அறிகுறியோ கிடையாது. பக்கவாதமாகவோ சிறுநீரகச் செயலிழப்பாகவோ வெளிப்படும்போது இருபது ஆண்டுகள் ஓடியிருக்கும்.

பொட்டாசியம் இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. சோடியத்தைச் சிறுநீரில் வெளியேற்ற உதவுகிறது. காய்கறி, பழம், பருப்பு, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், தயிர் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. நாளுக்கு 3,510 மில்லிகிராமாவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. காய்கறியை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் பொட்டாசியத்தின் ஒரு பகுதியும் அதோடு போய்விடும். குறைந்த நீரில் மூடி வேகவைப்பதும் ஆவியில் வேகவைப்பதும் அதைத் தட்டிலேயே தக்கவைக்கும்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்த மிகப்பெரிய சோதனை சீனாவின் 600 கிராமங்களில் நடந்தது. ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயதைத் தாண்டி உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் என 20,995 பேர். பாதிக் கிராமங்களுக்கு வழக்கமான உப்பு. மீதிக் கிராமங்களுக்கு முக்கால் பங்கு சாதாரண உப்பும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த மாற்று உப்பு. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் மாற்று உப்பு பெற்றவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதமும் எல்லாக் காரணங்களாலும் நேரும் மரணம் 12 சதவீதமும் குறைந்திருந்தன. 2021இல் வெளிவந்த முடிவு இது. சமையல் மாறவில்லை, சாப்பாடு மாறவில்லை. உப்பு டப்பாவுக்குள் இருந்ததில் கால் பங்கு மட்டும் மாறியது.

இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை தேவை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், இரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகளை, குறிப்பாகப் பொட்டாசியத்தை உடலில் தேக்கிவைப்பவற்றை, எடுத்துக்கொள்பவர்களும் மாற்று உப்பை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறும்.

கல் உப்பு, இளஞ்சிவப்பு உப்பு, கடல் உப்பு என்று நிறத்தையும் பெயரையும் மாற்றுவது இதில் சேராது. எல்லாமே கிட்டத்தட்ட முழுக்கச் சோடியம் குளோரைடுதான். அவற்றில் உள்ள மற்ற தாதுக்கள் கணக்கில் வராத அளவு. பல நேரங்களில் அயோடினும் சேர்க்கப்பட்டிருக்காது; அதுவரை அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்திவந்த குடும்பத்துக்கு அது நஷ்டம்.

குறைப்பதை எப்படிச் செய்வது? ஒரே நாளில் பாதியாக்கினால் தோற்பது உறுதி. நாக்கு சப்பென்று உணரும், மூன்றாம் நாள் ஊறுகாயும் சாஸும் மேசைக்கு வரும், மொத்த உப்பு முன்பைவிடக் கூடும். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு என்று குறைத்துவந்தால் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. நாக்கு புதிய அளவுக்கு முழுமையாகப் பழக இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதன்பின் பழைய அளவே கரிக்கும். உப்பின் இடத்தை வெறுமையாக விடாமல் எலுமிச்சை, புளிப்பு, பூண்டு, மிளகு, வறுத்த மசாலா போன்றவற்றால் நிரப்ப வேண்டும். சமைக்கும்போது ஆரம்பத்தில் போடும் உப்பு உள்ளே கரைந்து மறைந்துவிடும். இறக்கும்போது போடுவது மேற்பரப்பில் நின்று குறைந்த அளவிலேயே நாக்குக்குத் தெரியும்.

வீட்டில் எவ்வளவு செலவாகிறது என்று அறிய ஒரு வழி: உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் நாளில் அதன் மேலேயே தேதியை எழுதிவைப்பது. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஆளுக்கு 5 கிராம் என்றால் ஒரு கிலோ 50 நாட்கள் வரும். ரொட்டி, நொறுக்குத்தீனி, வெளிச்சாப்பாடு வழியாகவும் உப்பு வருவதால் உண்மையில் அது 70 நாட்களாவது வர வேண்டும். 30 நாட்களில் தீர்ந்தால் வேறு ஆய்வு தேவையில்லை.

நார்ச்சத்து: 25 கிராமை எட்டுவது எப்படி

நார்ச்சத்தை மலச்சிக்கலுக்கான மருந்தாக மட்டும் பார்ப்பது பழைய பார்வை. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகள் நாரை நொதிக்கச் செய்து குறுங்கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் எரிபொருள். ஓட்ஸ், பார்லி, பருப்பு ஆகியவற்றின் கரையும் நார் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுவதால், கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துப் புதிய பித்தம் செய்ய வேண்டியிருக்கிறது. சர்க்கரை இரத்தத்தில் ஏறும் வேகமும் நாரால் தணிகிறது. 2019இல் 'லான்செட்'டில் வந்த ஒரு தொகுப்பாய்வில், நார் அதிகம் உண்பவர்களிடம் எல்லாக் காரணங்களாலும் நேரும் மரணம், குறைவாக உண்பவர்களைவிட 15 முதல் 30 சதவீதம் குறைவாக இருந்தது. பலன் தெளிவாகத் தெரிந்த அளவு நாளுக்கு 25 முதல் 29 கிராம்.

அந்த அளவு தட்டில் எப்படி இருக்கும்? 60 கிராம் உலர் ஓட்ஸில் சுமார் 6 கிராம். 150 கிராம் வெந்த பருப்பில் 11 அல்லது 12. நாள் முழுவதும் சேர்த்து 300 கிராம் காய்கறியில் சுமார் 7. தோலோடு ஒரு நடுத்தர ஆப்பிளில் மூன்றரை. 30 கிராம் பாதாமில் மூன்றரை. மொத்தம் 30ஐத் தாண்டுகிறது. இதில் பருப்பை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்தால் 20. இதே பட்டியலில் ஓட்ஸுக்குப் பதில் தீட்டிய அரிசியை வைத்தால் இன்னும் ஐந்து போய்விடும். பருப்பும் முழுத்தானியமும் இல்லாமல் காய்கறியை மட்டும் வைத்து 25ஐ எட்டுவது கடினம். கீரையையும் காய்கறிக் கலவையையும் தட்டு நிறையச் சாப்பிட்டும் நார் போதாமல் இருப்பவர்கள் கணக்குத் தவறுவது இந்த இடத்தில்தான்.

முழுத்தானியம் என்றால் தவிடு, முளைக்கரு, மாச்சத்துப் பகுதி மூன்றும் சேர்ந்தது. முழுக் கோதுமை மாவில் 100 கிராமுக்குச் சுமார் 11 கிராம் நார். வெள்ளை மாவில் 3 கிராம்கூட இல்லை. கடைப் பொருளில் 'பல தானியம்' என்று எழுதியிருப்பது பல வகைத் தானியம் என்பதைத்தான் சொல்கிறது, முழுத்தானியம் என்பதை அல்ல. ரொட்டியின் பழுப்பு நிறம் கருக்கிய சர்க்கரையாலும் வரலாம். பொருள்கள் எடை வரிசையில் எழுதப்படுவதால் பட்டியலின் முதல் பெயர் முழுத்தானியமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, மாவுச்சத்தின் எண்ணை நாரின் எண்ணால் வகுக்க வேண்டும். விடை 10 அல்லது அதற்குள் இருந்தால் நல்ல பொருள். 20க்கு மேல் போனால் அட்டையில் என்ன படம் இருந்தாலும் அது பெரும்பாலும் தீட்டிய மாவுதான்.

நாரைக் கூட்டுவதிலும் அவசரம் ஆகாது. 12 கிராம் உண்டுவந்தவர் ஒரே வாரத்தில் 30க்குப் போனால் வயிறு உப்பி, வாயு பிரிந்து, 'எனக்குப் பருப்பு ஒத்துவராது' என்ற முடிவுக்கு வந்துவிடுவார். ஒத்துவராதது பருப்பு அல்ல, வேகம். நுண்ணுயிர்க் கூட்டம் புதிய வேலைக்குப் பெருகச் சில வாரங்கள் பிடிக்கும். வாரத்துக்கு 4, 5 கிராம் வீதம் ஏற்றி, தண்ணீரையும் சற்றுக் கூட்டினால் போதும். முழுப் பயறுகளை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி கழிந்துவிடும். இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைக்கும் ஃபைட்டிக் அமிலமும் குறையும். சிவப்பு ராஜ்மாவில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப்புரதம் அழிய, ஊறவைத்த பிறகு புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவெனக் கொதிக்க வேண்டும். கொதிநிலையை எட்டாத மெதுவான பாத்திரத்தில் மணிக்கணக்கில் வைத்தாலும் அது அழியாது. அரைவேக்காட்டில் ஒரு கைப்பிடி தின்றாலே வாந்தி எடுக்கவைக்கும்.

பருப்பில் உள்ள இரும்பை உடல் எளிதில் எடுத்துக்கொள்ளாது. அந்த வேளைச் சாப்பாட்டிலேயே வைட்டமின் சி உள்ள ஏதாவது, எலுமிச்சைப் பிழிவோ தக்காளியோ கொய்யாவோ, இருந்தால் எடுத்துக்கொள்வது கூடும். சாப்பிட்ட கையோடு தேநீரோ காபியோ குடித்தால் குறையும். ஒரு மணி நேர இடைவெளி போதும்.

கொழுப்பு: குறைத்தால் போதும் என்று நினைத்த காலம்

'எதற்குப் பதிலாக?' என்ற கேள்வி இங்கேதான் மிகத் தெளிவாகத் தெரியும். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 48,835 பெண்களை வைத்து நடந்த ஒரு பெரிய சோதனையில் ஒரு பிரிவினர் மொத்தக் கொழுப்பைக் குறைத்தனர். சுமார் எட்டு ஆண்டுகள் கழித்து, 2006இல் வெளியான முடிவில், இதய நோய் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. நல்ல கொழுப்பும் தீய கொழுப்பும் சேர்ந்தே போயிருந்தன. வெண்ணெய், கொழுத்த இறைச்சி போன்றவற்றின் நிறைவுற்ற கொழுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கொட்டைகள், மீன், விதை எண்ணெய்களின் நிறைவுறாக் கொழுப்பை வைத்தால் இதயத்துக்குப் பலன் உண்டு. அதே இடத்தை வெள்ளை மாவும் சர்க்கரையும் பிடித்தால் பலன் காணாமல் போகிறது. 'கொழுப்பு குறைந்தது' என்று அச்சிட்ட இனிப்புத் தயிர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: கொழுப்பை எடுத்துவிட்டுச் சுவைக்காகச் சர்க்கரையைப் போட்டிருப்பார்கள்.

ஸ்பெயினில் 7,447 பேரை வைத்து நடந்த சோதனை இதன் மறுபக்கம். கொழுப்பைக் குறைக்கச் சொல்லாமல், ஒரு பிரிவுக்கு ஆலிவ் எண்ணெயும் இன்னொரு பிரிவுக்கு நாளுக்கு 30 கிராம் கொட்டைகளும் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை சேர்ந்து சுமார் 30 சதவீதம் குறைந்தன. 2013இல் வந்த அந்தக் கட்டுரை, ஆட்களைப் பிரித்த முறையில் சில இடங்களில் பிழை இருந்ததால் திரும்பப் பெறப்பட்டு, மறுகணக்கீட்டோடு 2018இல் மீண்டும் வெளியானது. முடிவு ஏறக்குறைய மாறவில்லை என்றாலும், இதை முன்போல இரும்பு ஆதாரமாகப் பேச முடியாது.

30 கிராம் கொட்டை என்பது ஒரு கைப்பிடி. உப்பும் சர்க்கரைப் பூச்சும் இல்லாமல். வேர்க்கடலையும் இந்த வரிசையில் சேரும். பூஞ்சை பிடித்தது, சுருங்கியது, கசப்பது எதையும் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகிறது, வறுத்தாலும் முழுதாக அழிவதில்லை. இன்னொன்று: கொட்டை நொறுக்குத்தீனிக்குப் பதிலாக வர வேண்டும், அதற்கு மேல் அல்ல. 30 கிராமில் 170 முதல் 190 கிலோகலோரி இருக்கிறது.

எண்ணெயைக் கண்ணால் அளப்பது எல்லோரும் செய்யும் பிழை. ஒரு மேசைக்கரண்டியில் 14 கிராம், 120 கிலோகலோரி. பாட்டிலிலிருந்து நேரே ஊற்றினால் இரண்டு மடங்கு விழுவது தெரியாது. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கினால் அது ஆக்சிஜனேற்றமடைந்து தீங்கான பொருள்களை உண்டாக்கும். நுரைக்கிறது, கருக்கிறது, வழக்கத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே புகைகிறது என்றால் அதன் காலம் முடிந்தது. பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த கொழுப்பு என்று பட்டியலில் கண்டால் அந்தப் பொருளையே வைத்துவிடலாம். அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்புக்கு நன்மை தரும் அளவு என்று எதுவும் இல்லை.

மென்மையான உணவின் வேகம்

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு, 2019இல் வெளியிட்ட ஆய்வுக்காக 20 பேரை ஒரு மாதம் தங்கவைத்துச் சோதித்தது. இரண்டு வாரம் ஆலையில் மிகைப்பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு ஆகியவற்றின் அளவை முடிந்தவரை சமமாக வைத்து, வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னார்கள். மிகைப்பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கிலோகலோரி கூடுதலாகச் சாப்பிட்டு ஏறத்தாழ ஒரு கிலோ எடை கூடினார்கள். மற்ற இரண்டு வாரங்களில் அதே அளவு இறங்கினார்கள்.

கவனிக்க வேண்டியது வேகம். மென்மையான, மெல்லத் தேவையில்லாத உணவு வாயில் நிற்பதில்லை. 'போதும்' என்ற சைகை குடலிலிருந்து மூளைக்கு வந்துசேர இருபது நிமிடம்போல ஆகிறது. அதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது. கடிக்கவும் மெல்லவும் வைக்கும் உணவு தானாகவே இந்தக் கடிகாரத்துக்கு இடம்கொடுக்கிறது. ஆலையில் செய்த எல்லாமே ஒரே ரகம் என்று சொல்வதும் சரியல்ல. சர்க்கரை சேர்க்காத தயிர், முழுத்தானிய ரொட்டி, டின்னில் அடைத்த பயறு (கழுவினால் உப்பில் ஒரு பகுதி போய்விடும்) ஆகியவற்றை இனிப்புப் பானத்தோடும் பதப்படுத்திய இறைச்சியோடும் ஒரே கூடையில் போட வேண்டியதில்லை. பதப்படுத்திய இறைச்சி மட்டும் தனி வகை: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. நாளுக்கு 50 கிராம் உண்பது பெருங்குடல் புற்றுநோய் ஆபத்தை 18 சதவீதம் கூட்டுகிறது. புகையிலையும் அதே பிரிவில் இருப்பதால் இரண்டும் சம ஆபத்து என்று பொருளல்ல. ஆதாரம் அதே அளவு உறுதி என்றுதான் பொருள்.

சர்க்கரையைப் பொறுத்தவரை, திரவத்தில் வருவதுதான் முதல் எதிரி. 330 மில்லி குளிர்பானத்தில் சுமார் 35 கிராம் சர்க்கரை. 2,000 கிலோகலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பு 50 கிராம், விரும்பத்தக்கது 25. பழச்சாறும் தேனும் இந்தக் கணக்குக்குள்தான் வருகின்றன. முழுப் பழம் வருவதில்லை.

அறுபதுக்குப் பிறகு கணக்கு மாறுகிறது

நடுவயதில் ஆபத்து மிகுதியிலிருந்து வருகிறது. முதுமையில் அது குறைவிலிருந்தும் வரத் தொடங்குகிறது. ஆயுள் நீளும் உணவு என்று பேசும் பலர் இந்தத் திருப்பத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தசை கரைந்தால் விழுகை, எலும்பு முறிவு, படுக்கை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். கொலஸ்ட்ரால் எண் அழகாக இருந்தும் பயனில்லை.

பெரியவர்களுக்குப் புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் போதும் என்பது பொது அளவு. 60 கிலோ எடைக்கு 50 கிராம். 65ஐத் தாண்டியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று முதியோர் மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். அதாவது 60 முதல் 72. ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் ஆறரை, 100 கிராம் வெந்த பருப்பில் 9, 100 கிராம் சமைத்த மீனில் 20க்கு மேல். இரவில் ஒரே வேளையில் கொட்டாமல் ஒவ்வொரு வேளைக்கும் 20 கிராமுக்குக் குறையாமல் பிரித்துக்கொள்வது நல்லது. முதிய தசை சிறிய அளவுப் புரதத்துக்கு மந்தமாகத்தான் எதிர்வினை காட்டும். கூடவே நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது போன்ற, தசைக்கு எதிர்ப்புத் தரும் பயிற்சி இல்லையென்றால் புரதத்தின் பெரும்பகுதி வீண். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்த அளவுகள் பொருந்தா.

நடைமுறையில் தவறுவது இப்படி: பல் போகும், மெல்ல முடியாது, கஞ்சியும் ரொட்டியும் தேநீரும் மட்டும் மிஞ்சும். வயிறு நிறையும், தசைக்கு ஒன்றும் சேராது. கஞ்சியிலேயே பருப்பை மசித்துச் சேர்ப்பது, முட்டையை மென்மையாகச் செய்வது, தயிரை ஒரு வேளையின் பக்க உணவாக நிலைநிறுத்துவது போன்ற சிறு மாற்றங்கள் போதும். உப்பில்லாப் பத்தியத்தைக் கண்டிப்பாகத் திணித்து ஒரு முதியவர் பாதிச் சாப்பாட்டோடு எழுந்துவிட்டால் லாபத்தைவிட நஷ்டம் பெரிது. ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் முயற்சியில்லாமல் 5 சதவீத எடை இறங்கினால், 60 கிலோவுக்கு 3 கிலோ, மருத்துவரிடம் போக வேண்டும்.

சாப்பாட்டின் அளவையே குறைக்கும் முறைகளைப் பற்றிச் சுருக்கமாக: உடல் பருமன் இல்லாத 218 பேரை வைத்து இரண்டு ஆண்டுகள் நடந்த கலோரிக் குறைப்புச் சோதனையில் இரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் சீரடைந்தன; கூடவே எலும்பின் அடர்த்தியும் சற்றுக் குறைந்தது. மனிதர்களில் இது ஆயுளை நீட்டுகிறது என்று இன்னும் யாரும் காட்டவில்லை. மெலிந்த முதியவர்களுக்கு இது பரிந்துரைக்கத்தக்கது அல்ல.

மாத்திரைகளும் மருந்துகளும்

காய்கறியில் உள்ள பீட்டா கரோட்டினைத் தனியே எடுத்து மாத்திரையாக்கினால் என்ன ஆகும் என்று பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் சோதித்தார்கள். 1994இல் வந்த முடிவு, மாத்திரை விழுங்கியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம் என்றது. உணவின் பலன் அதன் ஒரு மூலக்கூறில் இருப்பதாக எடுத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். விதிவிலக்குகள் உண்டு. விலங்கு உணவு எதையும் தொடாதவர்களுக்கு வைட்டமின் பி12 மாத்திரை கட்டாயம். பற்றாக்குறை நரம்புகளைத் தாக்கிய பிறகு சேதம் முழுதாகத் திரும்பாமல் போகலாம். முதியவர்கள் சிலருக்கு வயிற்று அமிலம் குறைவதால் உணவிலுள்ள பி12 உடலில் சேர்வதில்லை. சோதித்துப் பார்ப்பது நல்லது.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுத்துக்கொள்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்துக்கு எதிராக வேலை செய்வதால், மருந்தின் அளவு அவர்கள் வழக்கமாக உண்ணும் கீரைக்கேற்ப அமைக்கப்பட்டிருக்கும். சாப்பிடலாம், தினமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள் மாவுச்சத்தைக் குறைக்கும்போது மருந்தின் அளவையும் மருத்துவர் திருத்த வேண்டியிருக்கும், இல்லையென்றால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும்.

எதில் தொடங்குவது, எப்போது அளப்பது?

எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் மாற்றுபவர்கள் அடுத்த மாதம் பழைய தட்டுக்கே திரும்பியிருப்பார்கள். முதல் இரண்டு வாரம் இனிப்புப் பானங்களுக்குப் பதில் தண்ணீரோ சர்க்கரையில்லாத தேநீரோ. அதன்பின் தினமும் ஒரு வேளையில் பருப்பு, தீட்டிய தானியத்தின் இடத்தில் பாதி முழுத்தானியம். பிறகு உப்பு, எண்ணெய். மாலைத் தீனியின் இடத்துக்குக் கொட்டையும் பழமும் கடைசியில் வரட்டும். பசியோடு இருக்கும் நேரத்தில் பழக்கத்தை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

அளவையும் அதற்கேற்ற நேரத்தில்தான் எடுக்க வேண்டும். காய்கறி, பழம், கொழுப்பு குறைத்த பால்பொருள்கள் மிகுந்த 'டேஷ்' உணவுமுறையை 459 பேரிடம் சோதித்தபோது இரத்த அழுத்தம் இரண்டே வாரத்தில் இறங்கியது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் எண் சராசரியாக 11 புள்ளிகள் குறைந்தது. அதனால் அழுத்தத்தை ஒரு மாதத்தில் பார்க்கலாம். கொலஸ்ட்ராலுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையை ஒரு மாதத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு 'ஒன்றும் மாறவில்லை' என்று கைவிடுபவர்கள் நிறையப் பேர். அந்த எண்ணில் பாதி, மாறுவதற்கு முன் சாப்பிட்ட சாப்பாட்டுடையது.